கணக்கு டீச்சர் பதில்கள்: 42-க்கு 39

போன இதழில் ஒரு வாசகர், "நீங்கள் பார்த்த விளையாட்டுப் போட்டிகளில் மறக்க முடியாதது எது?" என்று கேட்டிருந்தார். "2006 நவம்பர் 18, ஓஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதிய காலேஜ் ஃபுட்பால்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டாலே முகம் சுளிக்கிறவள் இதை எங்கே பார்த்தேன் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவாகவே இருக்கட்டும். கூட்டுவட்டி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிட்டயர் ஆன கணக்கு டீச்சருக்கும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, தேனி)

பிரசவம்தான் சம்பந்தம். வேறு எதற்காக நம் அம்மாக்கள் நவம்பர் குளிரில் அமெரிக்கா போகிறார்கள்?

ஓஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் என் மாப்பிள்ளை அப்போது ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவர். மகளுக்கு நவம்பர் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். நான் ஒரு மாதம் முன்பே சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் சகிதமாகப் போய் இறங்கிவிட்டேன். லேன் அவென்யூவிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டாம் மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் மரங்களுக்கு மேலே ஸ்டேடியத்தின் விளிம்பு தெரியும். குதிரை லாடம் போல ஒரு பக்கம் திறந்திருக்கும் பெரிய கட்டடம், 1922-ல் கட்டியது. ஏதோ பழைய கோட்டை என்றுதான் முதலில் நினைத்தேன்.

போன முதல் வாரமே காய்கறி வாங்கும் இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து "ஓ-எச்!" என்று கத்தினார். பயந்து போய் வண்டியை விட்டுவிட்டேன். மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே, "'ஐ-ஓ' என்று பதில் சொல்லணும் அத்தை" என்றார். ஓஹாயோ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் நான்கே எழுத்து. பாதியை ஒருவர் சொன்னால் மீதியை மற்றவர் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வணக்கம் அதுதான்.

கேள்வி: ஃபுட்பால் என்கிறார்கள், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். டீச்சர், இதன் விதிகளை ஒரு பக்கத்துக்குள் விளக்க முடியுமா? (பிளஸ் டூ மாணவர், விருதுநகர்)

ஒரு பத்தியில் விளக்குகிறேன் தம்பி. என் அப்பா ஊருக்கு ஊர் சங்கிலி இழுத்துக்கொண்டு போன சர்வேயர். அதனால் எனக்கு இந்த ஆட்டம் சட்டென்று பிடிபட்டது. இது நிலம் பிடிக்கிற ஆட்டம். மைதானம் 100 கெஜம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து பலாக்கொட்டை வடிவம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்குக்குள் 10 கெஜமாவது முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூட ஒன்று. உதைக்காமல் மறுபடி ஒரே முயற்சியில் உள்ளே கொண்டு போனால் இரண்டு. டச்டவுன் வரை போக முடியாதவர்கள் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம்.

10 கெஜம் ஆனதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நிற்கும் ஆட்கள் நிஜமாகவே சங்கிலியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்து அளக்கிறார்கள். அதைப் பார்த்ததும் "அட, நம்ம அப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இரண்டு காலேஜ் பசங்கள் விளையாடுவதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? (வாசகர், திருச்சி)

நீங்கள் கேட்டது அமெரிக்கர்களின் காதில் விழாமல் இருக்கட்டும். அன்று ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் 1,05,708 பேர். டிவியில் பார்த்தவர்கள் 2 கோடிக்கு மேல்.

இந்த இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897-ல். 1918-லிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும், பெரும்பாலும் நவம்பர் மாதக் கடைசி ஆட்டமாக. 2006-ல் என்ன விசேஷம் என்றால், அந்த வருஷம் இரண்டு அணிகளுமே ஆடிய 11 ஆட்டத்திலும் ஜெயித்திருந்தன. நாட்டின் தரவரிசையில் ஓஹாயோ ஸ்டேட் முதலிடம், மிச்சிகன் இரண்டாமிடம். நூறு வருஷத்துக்கு மேல் மோதியும் ஒன்றும் இரண்டுமாக நின்று அவர்கள் மோதியது அதுதான் முதல் தடவை.

ஆனால் இந்தப் பகைக்கு ஃபுட்பாலை விட வயது அதிகம். 1835-ல் ஓஹாயோவும் மிச்சிகனும் டொலீடோ என்ற ஊருக்காகப் படை திரட்டிக்கொண்டு நின்றன. காரணம் என்ன தெரியுமா? தப்பான வரைபடம். மிச்சிகன் ஏரியின் தென்முனையிலிருந்து நேர் கிழக்காகக் கோடு இழுத்து எல்லை போடு என்று சட்டம் சொன்னது. பழைய வரைபடங்களில் அந்தத் தென்முனை உண்மையில் இருப்பதை விட வடக்கே தள்ளி இருந்தது. இரண்டு தரப்பும் தனித்தனியாக சர்வே எடுத்து இரண்டு கோடு போட்டார்கள். நடுவே மாட்டிக்கொண்ட துண்டு 468 சதுர மைல். அப்பா இருந்திருந்தால் இரண்டு சர்வேயரையும் நிற்க வைத்துத் திட்டியிருப்பார்.

சுத்தமான வரப்புச் சண்டை. துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனார்களே ஒழிய யாரும் சாகவில்லை. ரத்தம் பார்த்த ஒரே ஆள் மிச்சிகன் தரப்பு டெபுடி ஷெரிப் ஒருவர். பேனாக்கத்தியால் அவரைக் குத்திய ஓஹாயோ பக்கத்து இளைஞரின் பெயர் டூ ஸ்டிக்னி. அதாவது இரண்டு. அவருடைய அண்ணன் பெயர் ஒன். பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணைப் பெயராக வைத்த அந்த அப்பாவை எனக்கு நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கடைசியில் டொலீடோ ஓஹாயோவுக்குப் போனது. அதற்கு ஈடாக வடக்கே ஏரிகளுக்கு நடுவே ஒரு பெரிய காட்டுப் பிரதேசத்தை மிச்சிகனுக்குக் கொடுத்து 1837-ல் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏமாந்துவிட்டோம் என்று மிச்சிகன்காரர்கள் புலம்பினார்கள். பிறகு அந்தக் காட்டில் செம்பும் இரும்பும் வெட்டி எடுத்தார்கள். யார் ஏமாந்தது என்று இன்னும் தகராறு தீரவில்லை.

கேள்வி: உங்களுக்குத் தெரிந்த மிச்சிகன் ரசிகர் யாராவது அங்கே இருந்தார்களா? (வாசகி, சேலம்)

எதிர் வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டிய அம்மாள், மிச்சிகனில் பிறந்து வளர்ந்து, ஓஹாயோக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவர். வாசலில் நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்னக் கொடி. கீழ் வீட்டில் ஐந்து மாணவர்கள், எல்லாரும் சிவப்புச் சட்டை. அந்த வாரம் முழுக்க அவர் படியில் இறங்கும்போதெல்லாம் கீழே இருந்து ஊளையிடுவார்கள். அவரும் கைத்தடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. மிச்சிகனின் பழைய கோச் போ ஷெம்பெக்லர் ஒரு டிவி நிகழ்ச்சிப் பதிவுக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்துவிட்டார் என்று செய்தி. வயது 77. எனக்கு அவர் யாரென்று தெரியாது. எதிர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, எட்டிப் பார்த்தேன். டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். துக்க வீட்டில் போய் உட்காருவது மாதிரி நானும் போய் உட்கார்ந்தேன். அன்று அவர் சொல்லித்தான் பாதி கதை எனக்குத் தெரியும்.

இந்த ஷெம்பெக்லர் பிறந்ததே ஓஹாயோவில். ஓஹாயோ ஸ்டேட்டின் பெயர்பெற்ற கோச் வுடி ஹேய்ஸிடம் ஆடிப் பழகி, அப்புறம் அவருக்கே உதவிக் கோச்சாக இருந்தவர். 1969-ல் எதிரி முகாமுக்குக் கோச்சாகப் போனார். போன முதல் வருஷமே, தொடர்ந்து 22 ஆட்டம் தோற்காமல் வந்த குருவின் அணியை 24-12 என்று சாய்த்தார். அதிலிருந்து 1978 வரை குருவும் சிஷ்யனும் மோதிய பத்து ஆட்டங்களைப் 'பத்தாண்டுப் போர்' என்றே சொல்கிறார்கள். சிஷ்யனுக்கு ஐந்து, குருவுக்கு நான்கு, ஒன்று சமம். அந்தப் போர் முடிந்த விதம்தான் பரிதாபம். 1978 டிசம்பரில் வேறொரு அணியோடு ஆடியபோது, எதிரணி மாணவன் ஒருவனை ஹேய்ஸ் மைதானத்திலேயே குத்திவிட்டார். மறுநாள் வேலை போய்விட்டது. ஆசிரியராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த ஒரு குத்தை எத்தனை வெற்றியாலும் கழிக்க முடியாது.

அன்று இரவு கீழ் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தமே வரவில்லை. பிள்ளைகளுக்கும் மனசு இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி ஊளை ஆரம்பித்துவிட்டது.

கேள்வி: நேரில் பார்த்தீர்களா, டிவியிலா? (வாசகர், கோவில்பட்டி)

இரண்டும் இல்லை, காதால் பார்த்தேன். கதையைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் மாணவர்களுக்கான டிக்கெட் ஒன்று இருந்தது. அந்த வாரம் அந்த டிக்கெட்டுக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தது. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரக் காரில் தனி சீட் கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாணவர் சம்பளத்தில் அது பெரிய செலவு. புதன்கிழமை வெளியே போன மாப்பிள்ளை பெரிய அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். டிக்கெட் எங்கே என்று மகள் கேட்டாள். பெட்டியைக் காட்டினார். எவ்வளவுக்கு விற்றார் என்பதை இன்றுவரை அவளிடம் சரியாகச் சொன்னதில்லை.

ஆகவே சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வீட்டு டிவி முன்னால் நான், மகள், மாப்பிள்ளை, எதிர் வீட்டு அம்மாள். ஆட்டத்துக்கு முன்னால் ஷெம்பெக்லருக்காக மௌன அஞ்சலி. எதிரியின் மைதானத்தில் லட்சம் பேர் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் வழியே ஒரு சத்தமும் வரவில்லை. அந்த ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்தவள், சாத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

ஆட்டம் தொடங்கியது. மிச்சிகன் முதல் தடவை பந்து கைக்கு வந்ததுமே மளமளவென்று முன்னேறி மைக் ஹார்ட் டச்டவுன் போட்டார். எதிர் வீட்டு அம்மாள் கைதட்டினார். ஜன்னல் பக்கம் நிசப்தம். அப்புறம் ஓஹாயோ முறை. டிவியில் ஓஹாயோவுக்காகப் பந்தை எறிகிற ட்ராய் ஸ்மித் இன்னும் அதைக் கையில் வாங்கவே இல்லை, வெளியே "ஹோ" என்று ஒரு இரைச்சல். என்னடா இது என்று பார்த்தால், சில விநாடி கழித்து டிவியில் டச்டவுன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேடியம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் என்று வைத்தால் மூன்று விநாடியில் வந்துவிடும். டிவிப் படம் எங்கெங்கோ சுற்றி அதற்கும் பிறகு வருகிறது. ஆக, நடக்கப் போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். இரைச்சல் வந்தால் ஓஹாயோ, வராவிட்டால் மிச்சிகன்.

மகள் இதைக் கண்டுபிடித்ததும் "அம்மா, சொல்லாதே!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். எதிர் வீட்டு அம்மாள் மட்டும் டிவியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கால் பகுதியில் இரைச்சல் மேல் இரைச்சல். கிறிஸ் வெல்ஸ் என்ற முதலாண்டுப் பையன் 52 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். டெட் கின்னுக்கு 39 கெஜத்தில் ஒரு பாஸ், அதுவும் டச்டவுன். இடைவேளைக்கு 20 விநாடி இருக்கும்போது இன்னொன்று. 28-14. முடிந்தது என்று நினைத்து நான் அடுப்பில் பால் வைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வெளியே அமைதி. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஹார்ட் மறுபடி ஒரு டச்டவுன். அப்புறம் ஸ்மித்தின் பாஸ் ஒன்றைப் பருத்த உடம்புக்காரர் ஆலன் பிரான்ச் பிடித்துக்கொண்டார், அதிலிருந்து மூன்று புள்ளி. 28-24. எதிர் வீட்டு அம்மாள் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். அந்த நேரம் பார்த்து வெளியே அன்றைக்கே பெரிய இரைச்சல். நான் மெல்ல அவர் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். டிவியில் அன்டோனியோ பிட்மன் 56 கெஜம் ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு தடவை ஓஹாயோவில் நடுவே நின்று பந்தைப் பின்னால் தருகிறவர் சரியாகத் தராமல் பந்து நழுவிப் போனது. இரண்டையும் மிச்சிகன் எடுத்துக்கொண்டது. ஒன்றிலிருந்து ஹார்ட்டின் மூன்றாவது டச்டவுன். 35-31. கடைசி ஆறு நிமிஷம் இருக்கும், ஓஹாயோவின் மூன்றாவது வாய்ப்பும் வீணானது. அடுத்து பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். வெளியே ஈ பறக்கிற சத்தம் கூட இல்லை. ஆனால் ஸ்மித் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும்போது மிச்சிகனின் ஷான் கிரேபிள் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதிவிட்டார். மஞ்சள் கொடி விழுந்தது. தண்டனை 15 கெஜம், புது நான்கு வாய்ப்பு. கொஞ்ச நேரத்தில் பிரையன் ராபிஸ்கிக்கு ஒரு பாஸ், 42-31. எதிர் வீட்டு அம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

2 நிமிஷம் 16 விநாடி இருக்கும்போது சாட் ஹென்னியின் பாஸில் மிச்சிகன் இன்னொரு டச்டவுன் போட்டு, கூடவே இரண்டு புள்ளியும் எடுத்தது. 42-39. அடுத்து பந்தைக் குட்டையாக உதைத்துத் தாங்களே பிடித்துவிடப் பார்த்தார்கள். வெளியே இரைச்சல் வந்துவிட்டது. டிவியில் பந்து இன்னும் தரையில்தான் உருண்டுகொண்டிருந்தது. அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, "நல்ல ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெட் கின் பந்தை அமுக்கிப் பிடித்ததை அவர் பார்க்கவே இல்லை.

கேள்வி: 42, 39 என்ற எண்களில் ஏதாவது கணக்கு உண்டா? (வாசகர், காரைக்குடி)

ஓஹாயோவுடையது வாய்ப்பாடு: ஆறு டச்டவுன், ஆறேழு நாற்பத்திரண்டு. மிச்சிகனுடையது கதம்பம்: நாலேழு இருபத்தெட்டு, ஒரு மூன்று, கடைசியில் ஒரு எட்டு. ஒரு அணி ஆறும் இன்னொரு அணி ஐந்தும் டச்டவுன் போட்ட ஆட்டத்தில் தோற்ற அணியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: ஆட்டம் சமமாக முடிந்திருந்தால்? (வாசகர், நாகர்கோவில்)

1996-லிருந்து சமம் கிடையாது, கூடுதல் நேரம் ஆடியாக வேண்டும். அதற்கு முன்னால் உண்டு. 1973-ல் இதே இருவரும், இருவருமே தோல்வி காணாமல் வந்து, 10-10 என்று முடித்தார்கள். அடுத்த பெரிய ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று அந்த லீகின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு ஓஹாயோவை அனுப்பினார்கள். ஷெம்பெக்லர் அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை என்றார் எதிர் வீட்டு அம்மாள். அவரும் மன்னிக்கவில்லை என்பது சொன்ன விதத்தில் தெரிந்தது.

கேள்வி: ஜெயித்த ஓஹாயோதானே அந்த வருஷ சாம்பியன்? (வாசகி, புதுக்கோட்டை)

அதுதான் இல்லை. அந்தக் காலத்தில் முதலிரண்டு இடத்தில் இருப்பவர்கள்தான் இறுதி ஆட்டத்தில் மோதுவார்கள். அது யார் என்பதைப் பயிற்சியாளர்கள் ஓட்டு, இன்னொரு குழுவின் ஓட்டு, கம்ப்யூட்டர் கணக்கு மூன்றையும் சேர்த்து முடிவு செய்தார்கள். நல்ல ஆட்டம் ஆயிற்றே, மிச்சிகனையும் ஓஹாயோவையும் மறுபடி மோதவிடலாம் என்று ஒரு கட்சி. ஒருமுறை தோற்றவனுக்கு எதற்கு மறுதேர்வு என்று இன்னொரு கட்சி. டிசம்பரில் கணக்குப் போட்டபோது ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி இரண்டாமிடத்துக்கு மிச்சிகனை மயிரிழையில் முந்தியது. மொத்தம் 1 மதிப்பெண் என்றால் வித்தியாசம் அதில் நூற்றில் ஒரு பங்கு. அரை மதிப்பெண்ணுக்காக என்னிடம் சண்டை போட்ட பெற்றோர்களை நினைத்துக்கொண்டேன்.

ட்ராய் ஸ்மித்துக்கு அந்த டிசம்பரில் நாட்டின் சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. 51 நாள் கழித்து, 2007 ஜனவரி 8-ல் அரிசோனாவில் இறுதி ஆட்டம். முதல் உதையையே பிடித்து டெட் கின் 93 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். சந்தோஷத்தில் சக வீரர்கள் மேலே விழுந்து கட்டிப்பிடித்ததில் அவர் காலில் அடி, அப்புறம் ஆட முடியவில்லை. அதோடு ஓஹாயோவின் கதை முடிந்தது. ஃபுளோரிடா 41, ஓஹாயோ 14. அன்று முழுக்க ஓஹாயோ தாக்குதலில் பிடித்த நிலம் வெறும் 82 கெஜம். மிச்சிகனும் புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் யுஎஸ்சி என்ற கலிஃபோர்னியா அணியிடம் தோற்றது.

நூற்றாண்டின் ஆட்டம் என்று சொல்லப்பட்ட ஒன்றை ஆடிய இருவருமே அடுத்த ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினார்கள். "அப்படியென்றால் அன்று அவ்வளவு பெரிய ஆட்டமா?" என்று சிலர் கேட்டார்கள். இது எனக்குப் புரியாத கேள்வி. நல்ல கல்யாணச் சாப்பாட்டை மறுநாள் பழையதை வைத்தா எடை போடுவது? இன்னொரு வேடிக்கை, ஜெயித்த ஃபுளோரிடாவின் கோச் அர்பன் மையர் பிறந்த ஊர் எது? டொலீடோ. பிற்பாடு அவரே ஓஹாயோவுக்குக் கோச்சாக வந்து மிச்சிகனோடு ஆடிய ஏழு ஆட்டத்திலும் ஜெயித்தார்.

கேள்வி: இவ்வளவு பணம் புரளும் ஆட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? (வாசகி, ஈரோடு)

நல்ல கேள்வி, எனக்கும் இதில் கோபம் உண்டு. அன்றைய விதிப்படி உதவித்தொகை மட்டும். ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு. ஒரு லட்சம் பேர் காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கிறார்கள், டிவிக்காரன் சம்பாதிக்கிறான், கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். பையன் தன் பெயர் போட்ட சட்டையை விற்றால் குற்றம்.

மிச்சிகனை ஜெயித்தால் ஓஹாயோ வீரர்களுக்குத் தங்க நிறத்தில் குட்டிக் கால்சட்டை வடிவப் பதக்கம் கொடுப்பது 1934-லிருந்து வழக்கம். 'அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள்' என்று அப்போதைய கோச் சொன்னதிலிருந்து வந்தது. 2010-ல் சில வீரர்கள் இந்தப் பதக்கத்தையும் மோதிரத்தையும் விற்றதும், பச்சை குத்திக்கொள்ளக் கைமாற்றியதும் வெளியே வந்தது. அவர்களுக்குத் தடை. விஷயம் தெரிந்தும் மறைத்ததற்காக, 2006-ல் ஜெயித்த அதே கோச் ஜிம் ட்ரெஸல் 2011-ல் ராஜினாமா செய்தார். மறைத்தது தப்புதான். ஆனால் தன் உழைப்பில் வந்த பதக்கத்தை விற்றது எப்படித் தப்பு என்று எனக்கு யாராவது விளக்குங்கள். 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து காலேஜே பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. பதினைந்து வருஷம் முன்னால் பிறந்துவிட்ட பாவம், அந்தப் பிள்ளைகள்.

கேள்வி: அங்கே சாப்பிட்டதில் பிடித்தது? (வாசகி, கும்பகோணம்)

பக்கை. அது ஒரு மரத்துக் கொட்டை, மான் கண் மாதிரி பழுப்பும் வெளிறலுமாக இருக்கும், ஓஹாயோக்காரர்களுக்கு அதுதான் பட்டப்பெயர். அந்தக் கொட்டையைத் தின்னக் கூடாது, விஷம். அதே உருவத்தில் வேர்க்கடலை வெண்ணெயையும் சர்க்கரையையும் உருட்டி, மேலே கொஞ்சம் வெளியே தெரியும்படி சாக்லேட்டில் முக்கி எடுப்பார்கள். கீழ் வீட்டுப் பையன்கள் ஒரு தட்டு கொடுத்தார்கள். மகளுக்குக் கொடுக்காமல் நானே தின்றேன். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சூடு என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: அன்று ஓஹாயோ லாட்டரியில் 4239 விழுந்ததாகப் படித்தேன். நிஜமா, கட்டுக்கதையா? (வாசகர், தூத்துக்குடி)

நிஜம். நான்கு இலக்க லாட்டரியின் அன்றைய மாலைக் குலுக்கலில் 4, 2, 3, 9 என்ற வரிசையிலேயே விழுந்தது. 1 டாலர் கட்டியவருக்கு 5000 டாலர் வரை பரிசு. மாநிலம் மொத்தம் 22 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் தெருவெல்லாம் கூச்சல். கீழ் வீட்டுப் பையன்களில் ஒருவன் மேலே ஓடி வந்து, "கடைக்குப் போகிறோம், ஸ்கோரையே லாட்டரியில் போடப் போகிறோம், உங்களுக்கும் ஒன்று?" என்று கேட்டான். மாப்பிள்ளை பர்ஸில் கை வைத்துக்கொண்டு, "ஒரு டாலர்தானே அத்தை, போடலாமா?" என்றார். புள்ளியியல் படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பழைய தபால் உறை ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாயிரம் எண்ணில் ஒன்று விழும். பரிசு ஐந்தாயிரம். ஆக ஒவ்வொரு டாலரிலும் சராசரியாகக் கிடைப்பது ஐம்பது காசு, மீதி ஐம்பது காசு சர்க்காருக்குத் தானம். ஆட்டத்தின் ஸ்கோர் குலுக்கல் எந்திரத்துக்குத் தெரியாது. மாப்பிள்ளை பர்ஸை உள்ளே வைத்துவிட்டார்.

ஏழரை மணி வாக்கில் கீழிருந்து ஒரு இரைச்சல் வந்தது. அன்று பகல் முழுக்கக் கேட்ட எதையும் விடப் பெரிசு. டிவியைப் பார்க்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அந்த உறையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கணக்கு சரிதான் அத்தை" என்றார். அப்புறம் அட்டைப் பெட்டியைப் பிரித்து, குழந்தை சீட்டின் வார்களை எப்படி மாட்டுவது என்று தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.